நிற்கும் லாரியும் ஓடும் லாரியும்

வாசகர் கேள்வி – பதில்

தெருக்குழாய் இணைப்பு இல்லாத கிராமப்புறங்களில் தீயணைப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியே, அதிலும் டேங்கர் லாரியைப் பற்றியே இருந்தன. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: தீயணைப்பு வண்டியிலேயே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே. அதற்கு மேல் டேங்கர் லாரி எதற்கு?

தொட்டி இருக்கிறது, ஆனால் பார்ப்பவர்கள் நினைப்பதைவிட அது சிறியது. சாதாரணத் தீயணைப்பு வண்டிகள் பலவற்றில் 2,000 முதல் 4,000 லிட்டர் வரைதான் தண்ணீர் இருக்கும். கையில் பிடித்து இயக்கும் ஒரு குழாய் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 லிட்டர் தண்ணீரை வெளியேற்றும் என்று வைத்துக்கொண்டால், 2,000 லிட்டர் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். உள்ளே போகிறவர்களுக்குப் பாதுகாப்பாக இரண்டாவது குழாயையும் திறந்தால் இரண்டரை நிமிடம்தான்.

தண்ணீர் தீயை அணைப்பதில் பெரும்பங்கு, அது ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தினுடையது. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 335 கிலோஜூல் போதும். அதே லிட்டரை முழுவதும் ஆவியாக்க மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். ஆகவே, சுவரில் பட்டு வழிந்து வாசல் வழியே ஓடிவரும் தண்ணீர் தன் வேலையில் எட்டில் ஒரு பங்கைக்கூடச் செய்யாமல் போகிறது என்றே கொள்ள வேண்டும். கைதேர்ந்தவர்கள் கொஞ்சம் தண்ணீரில் நிறையத் தீயை அணைப்பதன் இரகசியம் இதுதான்.

ஆனாலும் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஒரு வரம்பு உண்டு. தீ ஒரு நிமிடத்தில் வெளியிடும் வெப்பத்தைவிட, அதே நிமிடத்தில் நாம் ஊற்றும் தண்ணீர் உறிஞ்சக்கூடிய வெப்பம் குறைவாக இருந்தால், ஊற்றுவது அத்தனையும் வீண். எனவே மொத்தம் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதற்கு முன்னால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இடைவிடாமல் கிடைக்கும் என்றுதான் கேட்க வேண்டும். அமெரிக்கத் தேசியத் தீயணைப்புக் கழகம் கற்பிக்கும் எளிய கணக்கை மீட்டர் அளவுக்கு மாற்றினால், எரியும் தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 13.5 லிட்டர் என்று வரும். பத்து மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் உள்ள வீடு முழுவதும் பற்றிக்கொண்டால் நிமிடத்துக்கு 1,080 லிட்டர் தேவை. பாதி பற்றியிருந்தால் அதில் பாதி. அந்த அளவைத் தொடர்ந்து கொடுப்பதற்கு வண்டியின் தொட்டி போதாது என்பதால்தான் டேங்கர் லாரி வருகிறது.

கேள்வி: எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவிடம் 8,000 லிட்டர் லாரி ஒன்று இருக்கிறது. தண்ணீர் எடுக்கும் குளம் 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்ற முறை தீப்பிடித்தபோது ஓட்டுநர் மெதுவாக ஓட்டியதால்தான் தண்ணீர் வரத் தாமதமானது என்று பலரும் அவர்மேல் குறைப்பட்டார்கள். லாரியை வேகமாக ஓட்டினால் தீருமா, ஐயா?

தீராது. ஓட்டுநர்மேல் பழி போடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு லாரியின் சுற்று என்பது நான்கு பகுதிகளைக் கொண்டது: குளத்தங்கரையில் நிரப்பும் நேரம், தீ நடக்கும் இடத்துக்கு வரும் நேரம், அங்கே இறக்கும் நேரம், திரும்பிப் போகும் நேரம். இந்த நான்கையும் கூட்டி, லாரி உண்மையில் இறக்கும் தண்ணீரை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் அந்த லாரியால் கொடுக்க முடியும் என்பது தெரிந்துவிடும். தொட்டியின் அடியில் தங்குவது, வழியில் சிந்துவது, நிரப்பும்போது நிரம்பாமல் விட்டது என்று பத்து சதவீதத்தைக் கழித்துக்கொள்வது வழக்கம். ஆக, உங்கள் 8,000 லிட்டர் லாரி கணக்குக்கு 7,200 லிட்டர் லாரிதான்.

ஓடும் நேரத்துக்கு அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1142 எண்ணுள்ள தரநிலையில் ஒரு சூத்திரம் இருக்கிறது. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், கிலோமீட்டர் ஒன்றுக்கு 1.06 நிமிடம், அதோடு கிளம்பி வேகம் பிடிக்கவும் வேகம் தணிந்து நிற்கவும் 0.65 நிமிடம். உங்கள் 4 கிலோமீட்டருக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ 4.9 நிமிடம், இருவழிக்கும் சேர்த்து 9.8.

இனி இரண்டு முனைகளைப் பார்ப்போம். குளத்தங்கரையில் ஒரே ஒரு சிறிய பம்பு நிமிடத்துக்கு 1,000 லிட்டர் வீதம் நிரப்புகிறது என்றால் 8 நிமிடம். மறுமுனையில் லாரியின் பின்புறத்துச் சிறு வால்வு வழியாகத் தண்ணீர் தானாக இறங்க இன்னொரு 8 நிமிடம். குழாய் மாட்டுவது, கழற்றுவது, லாரியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்துவது என்று முனைக்கு ஒரு நிமிடம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 28 நிமிடம். நிமிடத்துக்குக் கிடைப்பது 257 லிட்டர். ஒரு கைக்குழாய்க்குக்கூட இது போதாது.

இப்போது ஓட்டுநர் உங்கள் சொல்லைக் கேட்டு 56-க்குப் பதில் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுற்றுக்கும் மிச்சமாவது ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். 257 லிட்டர் 273 ஆகும், அவ்வளவுதான். அந்த 16 லிட்டருக்காக, பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைக் கிராமத்துச் சாலையில் விரட்டச் சொல்கிறோம்.

வேகத்தை அப்படியே விட்டுவிட்டு, நிரப்புவதையும் இறக்குவதையும் நிமிடத்துக்கு 4,000 லிட்டர் என்ற அளவுக்கு உயர்த்தினால் என்ன ஆகிறது? தலா இரண்டு நிமிடத்தில் அவை முடிகின்றன. சுற்று 28 நிமிடத்திலிருந்து 16-க்குள் வருகிறது. கிடைக்கும் தண்ணீர் 450 லிட்டருக்கு மேல் போகிறது. லாரி அதேதான், ஓட்டுநரும் அவரேதான், சாலையும் மாறவில்லை. பின்புறம் அகலமான திறப்பு வால்வு ஒன்றும், குளத்தங்கரையில் நல்ல பம்பு ஒன்றும், தடிமனான குழாயும்தான் கூடுதல். வால்வைத் திறப்பதற்கு முன் தொட்டியின் மேல்மூடியையோ காற்றுத் துவாரத்தையோ திறந்துவிட வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். இல்லாவிட்டால் காற்று உள்ளே போக வழியின்றித் தண்ணீர் விக்கி விக்கி வரும், தொட்டியின் தகடு உள்ளொடுங்கவும் கூடும்.

வீடு முழுவதும் எரிந்தால் 1,080 லிட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். 450 லிட்டர் வீதம் தரும் லாரிகள் மூன்று இருந்தால் அது கிடைத்துவிடும். ஆறு லாரிகள் இருந்தால் இரு மடங்கு கிடைக்குமா என்றால், கிடைக்காது. நிரப்பும் இடத்தில் ஒரு லாரிக்கு, நிரப்ப இரண்டு, குழாய் மாட்டிக் கழற்ற ஒன்று என்று மூன்று நிமிடம் ஆகிறது. சுற்று 16 நிமிடம். ஐந்து லாரிகள்வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகலாம். ஆறாவது லாரி குளத்தங்கரையில் வரிசையில் நிற்கும். அந்த நிலையில் ஏழாவது லாரிக்கு ஆள் அனுப்புவதைவிட இரண்டாவது நிரப்பிடத்தைத் திறப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி: டேங்கரிலிருந்து தீயணைப்பு வண்டிக்கு நேரடியாகக் குழாய் போட்டுவிடலாமே. எதற்காக நடுவில் ஒரு துணித்தொட்டியைத் தரையில் விரித்து அதில் கொட்டுகிறார்கள்?

ஒரே லாரி, சிறிய தீ என்றால் நேரடியாகப் போடுவதே சரி. ஆனால் அப்படிப் போட்டால், தன் தண்ணீர் செலவாகும்வரை லாரி அங்கேயே கட்டுண்டு நிற்கும். நிமிடத்துக்கு 400 லிட்டர் செலவானால் 8,000 லிட்டர் தீர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் அது குளத்துக்கு ஒரு நடை போய் வந்திருக்கலாம். நீங்கள் சொல்லும் துணித்தொட்டி, அதாவது மடக்குத் தொட்டி, இருந்தால் லாரி இரண்டு நிமிடத்தில் சுமையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். தீயணைப்பு வண்டி தொட்டியிலிருந்து தன் போக்கில் உறிஞ்சிக்கொள்ளும். லாரியின் வேலையும் பம்பின் வேலையும் ஒன்றையொன்று பிடித்து இழுக்காமல் பிரிவதுதான் அந்தத் தொட்டியால் வரும் பலன்.

இரும்புச் சட்டத்தில் தார்ப்பாய் போன்ற கெட்டித் துணியைப் பொருத்திய தொட்டி அது. இருவர் அதை லாரியின் பக்கவாட்டிலிருந்து இறக்கி, புத்தகத்தைத் திறப்பதுபோல விரித்துவிடலாம். 10,000 லிட்டர் கொள்ளும் தொட்டி, முக்கால் மீட்டர் உயரத்தில், பக்கத்துக்கு ஏறத்தாழ 3.65 மீட்டர் இருக்கும். லாரியின் கொள்ளளவைவிட அது பெரியதாக இருப்பது நல்லது. அப்போதுதான் தொட்டியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே அடுத்த லாரி கொட்ட முடியும்.

என் முதல் ஆண்டுப் பயிற்சியில், அவசரத்தில் அந்தத் தொட்டியைச் சாலையோரச் சரிவில் விரித்துவிட்டேன். மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் சரிவுதான். கண்ணுக்குச் சமதரை போலத்தான் தெரிந்தது. தண்ணீர் விழ விழ, கீழ்ப்பக்கத்து விளிம்பில் அது தளும்பி வழிந்துகொண்டிருக்க, மேல்பக்கத்தில் இன்னும் ஒரு சாண் துணி உலர்ந்தே இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததில் அந்தச் சரிவு மட்டும் 1,200 லிட்டரைத் தின்றிருந்தது. போதாக்குறைக்கு நான் உறிஞ்சு குழாயின் வடிகட்டியை மேல்பக்கத்தில் போட்டிருந்தேன். ஆகவே அடியில் தேங்கிய தண்ணீரும் கைக்கு எட்டவில்லை. சரிவில்தான் விரித்தாக வேண்டும் என்றால், வடிகட்டி தாழ்ந்த மூலையில் கிடக்கட்டும்.

இரண்டு மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்தால், ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீரை மாற்றப் பெரிய பம்பு எதுவும் வேண்டியதில்லை. அகலமான குழாய்த்துண்டு ஒன்றின் வாயில், சிறு குழாய் வழியே வரும் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சினால், அந்தப் பீச்சல் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் பாயும். தொட்டிகளுக்கிடையே இந்தக் குழாய் வளைந்து கிடந்து தண்ணீரைக் கடத்துவதைப் பார்க்கச் சிறு பிள்ளைகளின் விளையாட்டுப் போலவே இருக்கும்.

கேள்வி: கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தும் தீயணைப்பு வண்டியின் பம்பு தண்ணீரை எடுக்கவே இல்லை. கிணற்று நீர்மட்டம் தரையிலிருந்து 9 மீட்டர் கீழே இருந்தது. பம்பின் சக்தி போதவில்லையா?

பம்பின் சக்திக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் சொன்னாலும், உண்மையில் அது குழாயிலுள்ள காற்றை மட்டுமே வெளியேற்றுகிறது. தண்ணீரை மேலே தள்ளுவது, நீர்ப்பரப்பின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம். கடல்மட்டத்தில் வளிமண்டலத்தின் முழு அழுத்தமும் 10.3 மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத்தான் தாங்கும், அதுவும் குழாயில் முழு வெற்றிடம் இருந்தால். உராய்வு, கசிவு, பம்பின் தேய்மானம் எல்லாம் போக, நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் எதிர்பார்ப்பது வீண். கடல்மட்டத்திலிருந்து உயரப் போகப் போக, ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகவே இந்த அளவு குறையும். மேலும், ஏழு மீட்டரில் தண்ணீர் வந்தாலும் அது பம்பின் முழு அளவாக இருக்காது. பம்புகளின் கொள்திறனை மதிப்பிடுவதே ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்துக்கு உறிஞ்சும் நிலையில்தான். உங்கள் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டாரையோ மிதவைப் பம்பையோ இறக்கித் தண்ணீரை மேலே அனுப்பி, அதைத் தொட்டியில் சேர்த்து அங்கிருந்து எடுத்துக்கொள்வதுதான் வழி.

ஆழம் குறைவாக இருந்தும் தண்ணீர் ஏறாவிட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு முறை குற்றவாளி காற்றுதான். உறிஞ்சு குழாய்கள் இணையும் இடத்திலுள்ள ரப்பர் வாஷரை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மணல் பரல் அதில் ஒட்டியிருந்தால் போதும், அந்த மயிரிழை வழியே காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பம்பு எவ்வளவு சத்தம் போட்டாலும் அழுத்தமானியின் முள் நடுங்குமே ஒழியத் தண்ணீர் வராது. அடுத்தது வடிகட்டி. சாதாரண வடிகட்டியைச் சுற்றிலும், மேலும் கீழும், அறுபது சென்டிமீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். குறைந்தால் நீர்ப்பரப்பில் சிறு சுழல் ஒன்று உண்டாகி, அதன் நடுத்துளை வழியே காற்று நேராகக் குழாய்க்குள் இறங்கும். சுழல் தெரிந்தவுடன் அதன்மேல் ஒரு பந்தையோ பலகையையோ மிதக்கவிடுவது பழைய உபாயம், சுழல் உடைந்துவிடும். ஆழமில்லாத இடத்துக்கென்று தட்டையான வடிகட்டிகளும் உண்டு, அவை சில சென்டிமீட்டர் தண்ணீர்வரை எடுக்கும். மடக்குத் தொட்டியில் போட வேண்டியதும் அதைத்தான்.

கேள்வி: பழைய பெட்ரோல் டேங்கர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. 12,000 லிட்டர் கொள்ளளவு. அதைத் தீயணைப்புக்கு மாற்றிக்கொள்ளலாமா?

வாங்குவதற்குமுன் எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. லிட்டருக்கு ஏறத்தாழ 740 கிராம்தான். 12,000 லிட்டர் பெட்ரோலின் எடை 9 டன்னுக்கும் சற்றுக் குறைவு, அதே தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் 12 டன். அச்சு, சக்கரம், வில்தட்டு, பிரேக் எல்லாம் அந்த 9 டன்னுக்காகச் செய்யப்பட்டவை. நாம் அவற்றின்மேல் மூன்று டன்னைக் கூடுதலாக ஏற்றிவிட்டு, அவசர நேரத்தில் ஓட்டவும் சொல்கிறோம். பால் லாரியை மாற்றலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதில் எடைச் சிக்கல் இல்லை. ஆனால் கழுவுவதற்கு வசதியாக உள்ளே தடுப்புத் தட்டுகள் இல்லாமல் செய்யப்பட்ட பால் தொட்டிகள் பல உண்டு.

தடுப்புத் தட்டு இல்லாத தொட்டியில் தண்ணீர் என்ன செய்யும் என்பதை, ஒரு வாளியைப் பாதி நிரப்பிக்கொண்டு ஓடிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் போட்டவுடன் லாரி நிற்கும், தண்ணீர் நிற்காது; அது முன்சுவரில் மோதி நின்ற லாரியைச் சந்திக்குள் தள்ளும். வளைவில் திரும்பினால் பக்கச் சுவரில் ஏறும். முழுத் தொட்டியைவிட அரைத் தொட்டியே ஆபத்து, ஏனென்றால் ததும்ப இடம் இருப்பது அதில்தான். ஆகவே ஓட்டுநர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: போனால் நிறைத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் காலியாகப் போங்கள்.

அமெரிக்காவில் 1977 முதல் 1999 வரை டேங்கர் லாரிகள் சிக்கிய 63 விபத்துகளில் 73 தீயணைப்பாளர்கள் உயிரிழந்தார்கள் என்று அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் கணக்கெடுத்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் லாரி கவிழ்ந்து இறந்தவர்கள். நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். குறுகிய சாலையில் ஒருபக்கச் சக்கரம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கும். ஓட்டுநர் பதறி ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்து மேலேற்றப் பார்ப்பார். ஏறிய வேகத்தில் வண்டி மறுபக்கம் பாய, உள்ளே தண்ணீரும் கூடவே பாய்ந்து கவிழ்த்துவிடும். சக்கரம் இறங்கினால் இறங்கியபடியே நேராக ஓட்டி, வேகத்தைத் தணித்து, பிறகு மெல்ல ஏற்ற வேண்டும். வளைவில் வண்டியை வெளிப்புறம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதையும் ஓட்டுநர் நினைவில் வைக்க வேண்டும்: 30 கிலோமீட்டரில் எடுத்த வளைவை 40-இல் எடுத்தால் அந்த விசை முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. சீட் பெல்ட்டைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டிய நிலை இருக்கக்கூடாது, ஆனால் இருக்கிறது.

சுருங்கச் சொன்னால், அந்தப் பெட்ரோல் டேங்கரை வேண்டாம் என்பேன். வாங்கியே தீர வேண்டுமானால், சட்டகம் தாங்கும் எடையை முதலில் எழுத்தில் பெற்று, அதற்கேற்பத் தொட்டியைச் சிறியதாக்கி, நீளவாக்கிலும் குறுக்கிலும் தடுப்புகள் வைத்து, மாற்றியபின் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். “பாதியளவு மட்டும் நிரப்பி ஓட்டிக்கொள்கிறோம்” என்பது தீர்வல்ல என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: ஒரே பெரிய 16,000 லிட்டர் லாரியா, இரண்டு 8,000 லிட்டர் லாரிகளா?

ஓட்டுநர்கள் இருவர் கிடைப்பார்கள் என்றால் இரண்டு. ஒன்று பழுதானாலும் பாதி மிஞ்சும்; ஒன்று இறக்கும்போது மற்றது நிரப்பிக்கொண்டிருக்கும்; சிறு பாலங்களும் குறுகிய வளைவுகளும் தடுக்கா. தூரம் மிக அதிகமாகி, ஓடும் நேரமே சுற்றின் பெரும்பகுதியாகும் இடங்களில் மட்டும் பெரிய லாரிக்கு நியாயம் உண்டு.

கேள்வி: குளம் 1 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. லாரியே இல்லாமல் குழாயை விரித்துவிட முடியாதா?

முடியும், குழாய் தடிமனாக இருந்தால். வழக்கமான 65 மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் அனுப்பினால், உராய்வினால் மட்டும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 3 பார் அழுத்தம் போய்விடும். ஒரு கிலோமீட்டருக்கு 30 பார் என்பது நடவாத காரியம். அதே அளவை 125 மில்லிமீட்டர் குழாயில் அனுப்பினால் இழப்பு அதில் 25-இல் ஒரு பங்குதான். குளத்தங்கரையில் ஒரே ஒரு பம்பு போதும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அந்தத் தடித்த குழாய் மீட்டருக்கு 12 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஒரு கிலோமீட்டர்க் குழாய் நிரம்புவதற்கே 12,000 லிட்டர் வேண்டும், அதாவது மறுமுனையில் முதல் சொட்டு விழுவதற்குள் அது ஒரு பெரிய லாரித் தண்ணீரை விழுங்கியிருக்கும். குழாயை விரித்து நிரப்பும்வரையிலாவது டேங்கர் ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

கேள்வி: வைக்கோல் போர் எரிந்தபோது ஐந்து லாரித் தண்ணீர் ஊற்றியும் அணையவில்லை. மறுநாளும் புகைந்தது. எத்தனை லாரி வேண்டும்?

எத்தனை லாரி ஊற்றினாலும் அப்படித்தான். நெருக்கமாக அடுக்கிய வைக்கோல் வெளிப்புறத்தில் கூரைபோல வேலை செய்கிறது. தண்ணீர் வழிந்தோடிவிட, உள்ளே கனல் தன் பாட்டுக்குப் பரவுகிறது. நுரைக் கரைசலை 0.1 முதல் 1 சதவீதம்வரை கலந்தால் தண்ணீரின் பரப்பிழுவிசை குறைந்து, அது இழைகளுக்குள் ஊறும், கொஞ்சம் உதவும். ஆனால் போரைப் பிரித்து இழுத்துப் போட்டு, சிறு சிறு பகுதியாக நனைப்பதுதான் முடிவான வழி. அதற்குப் பொக்லைனும் காலியிடமும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், பக்கத்திலுள்ள கட்டிடங்களையும் மற்றப் போர்களையும் நனைத்துக் காப்பாற்றிக்கொண்டு, எரிகிறதை எரியவிடுவதே தண்ணீரைச் சரியாகச் செலவழிப்பது. பார்ப்பவர்களுக்கு அது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோலத் தோன்றும்; ஏச்சு விழத்தான் செய்யும். எக்காரணம் கொண்டும் புகையும் போரின்மேல் ஏறி நிற்காதீர்கள், உள்ளே வெந்து குழிந்திருக்கும்.

கேள்வி: உப்புத் தண்ணீர், நீச்சல்குளத் தண்ணீர், சாக்கடைத் தண்ணீர் இவற்றைப் பயன்படுத்தலாமா?

நீச்சல்குளத் தண்ணீருக்குத் தடையே இல்லை. உப்புத் தண்ணீர் தீயை அணைக்கும், கூடவே பம்பையும் தொட்டியையும் அரிக்கும். வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்படாத இடத்தில் அது இன்னும் ஆபத்து. கழிவுநீரைக் கடைசிப் புகலிடமாக மட்டுமே கொள்ளலாம், அதன் தூவானத்தைச் சுவாசிக்கப்போகிறவர்கள் உங்கள் ஆட்கள்தான். குடிதண்ணீர் லாரியைக் குளத்தில் நிரப்பித் தீக்கு அனுப்பியிருந்தால், கிருமிநீக்கம் செய்யாமல் மறுபடி குடிதண்ணீருக்கு விடக்கூடாது.

கேள்வி: தீப்பிடிக்கும் முன் ஊர்க்காரர்களாகிய நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

மேலே சொன்ன அதே 1142 தரநிலை, அருகில் வேறு கட்டிடம் இல்லாத சிறிய கட்டிடத்துக்குக்கூடக் குறைந்தது 7,570 லிட்டரும், அருகில் கட்டிடம் இருந்தால் 11,355 லிட்டரும் கையிருப்பு வேண்டும் என்கிறது. உங்கள் ஊரில் அந்த அளவு தண்ணீர் எங்கெங்கே இருக்கிறது, கோடையின் கடைசி வாரத்திலும் அது இருக்குமா என்று ஒருமுறை நடந்து பார்த்து எழுதிவையுங்கள். குளம் வைத்திருப்பவர்கள், கரையிலிருந்து நீருக்குள் 150 மில்லிமீட்டர்க் குழாயை நிரந்தரமாகப் பதித்து, நீருக்குள் இருக்கும் முனையில் வடிகட்டியும், சாலையோரத்து முனையில் தீயணைப்பு வண்டிக்குப் பொருந்தும் இணைப்பும் வைத்துவிடலாம். மோட்டாரோ மின்சாரமோ தேவையில்லாத இந்த ஏற்பாடு, சேற்றுக் கரையில் வண்டி புதையாமல் சாலையில் நின்றபடியே தண்ணீர் எடுக்க உதவும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதில் தண்ணீரைப் பின்னோக்கிச் செலுத்தி அடைப்பை எடுத்துவிட வேண்டும்.

அதன்பின், நிறைந்த லாரி ஒன்றை வரவழைத்து அந்த இடத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தாழ்ந்த மின்கம்பி, பாலத்தின் எடை வரம்பு, திரும்ப இடமில்லாத முட்டுச்சந்து எல்லாம் வரைபடத்தில் தெரியாது. லாரி பின்னோக்கி வராமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி வழி அமைந்தால், ஒவ்வொரு நடைக்கும் ஒரு நிமிடமாவது மிச்சமாகும். இந்த ஓட்டத்தை இரவில் ஒருமுறை செய்யுங்கள். பகலில் பளிச்சென்று தெரிந்த குளத்தங்கரைத் திருப்பம் இருட்டில் எங்கே போயிற்று என்று ஓட்டுநர் தேடுவதைப் பார்த்தால், அங்கே ஒளிரும் பலகை ஒன்று நட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும்.